காஷ்மீர், லடாக், அந்தமான்: சேலத்திலிருந்து கணக்குப் போட்டால் எது கட்டுபடியாகும்?

"என்னைக்காவது ஒருநாள் போயே தீரணும்" என்று சேலத்து வீடுகளில் பேசப்படும் ஊர்களில் மூன்று பெயர்கள் மாறி மாறி வரும். பனிக்குக் காஷ்மீர், மொட்டை மலைக்கும் நீல ஏரிக்கும் லடாக், கடலுக்கு அந்தமான். எது அழகு என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அழகில் மூன்றுமே பாஸ். லீவு எந்த மாதம், மொத்தம் எத்தனை நாள், கூட வருகிறவர்களில் மூத்தவருக்கு என்ன வயசு என்று மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

ஒன்பது நாள் லீவில் கையில் நிற்பது எவ்வளவு

சனிக்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு வரை ஒன்பது நாள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தமானுக்கு என்றால் வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடலாம். சேலம் ஜங்ஷனில் ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயிலில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். காட்பாடி வழி ரயிலில் போனால் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்து ஊரைக் கடந்து திரும்பி வர வேண்டும். அந்த அலைச்சல் இதில் இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டேகால் மணி நேரம். 2024 செப்டம்பரில் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை அங்கே சாப்பிடலாம்.

காஷ்மீருக்குப் பெரும்பாலும் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையம், அங்கிருந்து டெல்லியில் மாறி ஸ்ரீநகர். சேலத்திலிருந்து தேவனஹள்ளி சுமார் 235 கிலோமீட்டர். மேப் நாலரை மணி நேரம் என்று காட்டும், அதை நம்பிக் கிளம்பக் கூடாது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் ஒரு மணி நேரம் போச்சு. ஓசூர் தாண்டி பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் மாட்டினால் இன்னொரு மணி நேரம். காலை 10 மணி விமானத்துக்கு நள்ளிரவு 2 மணிக்குள் ஐந்து ரோட்டைத் தாண்டிவிடுவது நல்லது. அன்று சாயங்காலம் ஸ்ரீநகர். போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் கையில் ஏழு நாள் நிற்கும்.

லடாக்கில்தான் கணக்கு உதைக்கும். லடாக்கின் முக்கிய ஊரான லேவுக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் இறங்கும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று சுழன்றடிக்கும். வெயிலேறிய மெல்லிய காற்றில் விமானத்துக்குத் தூக்குவிசையும் குறையும். ஆகவே சனி ராத்திரி டெல்லியில் தங்கி ஞாயிறு விடியற்காலை ஏற வேண்டும். ஞாயிறும் திங்களும் லேயில் சும்மா படுத்திருக்க வேண்டும், ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். செவ்வாய் ஊர் சுற்றக் கிளம்பி வெள்ளி லே திரும்பி, சனிக்கிழமை காலை விமானம் ஏறினால் ஞாயிறு விடியும்போது சேலம். ஒன்பது நாளில் ஊர் பார்த்தது நாலு நாள்.

சேலம் விமான நிலையமான காமலாபுரத்திலிருந்து பறக்கும் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நேரம் ஒத்துவந்தால் தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் சேலத்திலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் கிடைத்தால் மட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அந்த நஷ்டம் முழுக்க நம் தலையில்தான்.

ரயிலில் காஷ்மீர் போவதும் நடக்கிற காரியம்தான். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறை சேலம் வழியாகப் போகிறது. இங்கிருந்து ஏறினால் சுமார் இரண்டரை நாள். கட்ராவில் வைஷ்ணோ தேவியைத் தரிசித்துவிட்டு, 2025 ஜூனில் தொடங்கிய ஸ்ரீநகர் வந்தே பாரத்தில் ஏறினால் மூன்று மணி நேரம். வழியில் செனாப் பாலம், ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு லீவு ரயிலிலேயே கழிந்துவிடும். காரில் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: சீலநாயக்கன்பட்டி பைபாஸ் வழியாகப் போகும் அதே தேசிய நெடுஞ்சாலை 44தான் ஸ்ரீநகர் வரை போகிறது. ரோடு மாறவே வேண்டாம், இடுப்புதான் தாங்க வேண்டும்.

பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தால்

சேலத்தில் மண்டபம், சமையல், வெள்ளிக் கொலுசு, பட்டு என்று கல்யாணத்தைச் சுற்றியே பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு முகூர்த்தம் இல்லாத மாதம்தான் லீவு. அந்த மாதங்களை இந்த மூன்று ஊர்களோடும் பொருத்திப் பார்த்தால் ஆச்சரியமாக ஒத்துப்போகும்.

ஆடி, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, லடாக்கின் உச்ச சீசன். இமயமலை மழையை மறித்துக்கொள்வதால் லேயில் வருஷம் முழுக்கச் சேர்த்தே 100 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதே ஆடியில் அந்தமானுக்குப் போனால் தென்மேற்குப் பருவமழையில் படகு ரத்தாகி அறையில் உட்கார்ந்து பக்கோடா சாப்பிட வேண்டியதுதான். காஷ்மீரில் அப்போது அமர்நாத் யாத்திரைக் காலம். பகல்காம், சோன்மார்க் ரோடுகளில் யாத்திரை வண்டிகளுக்கு வழி விட்டு நிற்க வேண்டிவரும்.

புரட்டாசியும் காலாண்டு லீவும் சேர்ந்துவரும் செப்டம்பர் கடைசி லடாக்கின் கடைசி நல்ல ஜன்னல். வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், ராத்திரி நடுங்கும். மார்கழியும் அரையாண்டு லீவும் அந்தமானுக்கு. டிசம்பர் முதல் பாதியில் கடல் இன்னும் கொஞ்சம் புரளும், பொங்கல் வாக்கில் அடங்கத் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் தெளிந்து நிற்கும். தை, மாசியில் கல்யாணமான புது ஜோடிகளுக்கு அதனால் அந்தமானே சரி.

ஏப்ரல், மே கோடை லீவு காஷ்மீருக்குத்தான். ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்துக்காகப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பூக்கள் மார்ச் கடைசியில் தொடங்கி மூன்று நான்கு வாரம்தான் இருக்கும். முழுப் பரீட்சை முடித்து ஏப்ரல் கடைசியில் போகிற குடும்பத்துக்குக் காம்பு மட்டும் மிச்சமிருக்கும். "பனி வேணும்" என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மே மாதத்தில் ஸ்ரீநகரில் கிடைக்காது, குல்மார்கில் மேலே ஏறினால் கிடைக்கும். மண்ணெல்லாம் வெள்ளையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்கே சில்லாய் கலான் என்பார்கள். குழாயிலேயே தண்ணீர் உறைந்துவிடும் காலம் அது. ஏற்காட்டுக்கு வாங்கிய ஸ்வெட்டரோடு போகிற ஆள் முதல் நாளே ஸ்ரீநகர் லால் சௌக் கடைவீதியில் ஜாக்கெட் கடை தேடுவார்.

லடாக்: ஏற்காட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்

சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாம் ஏறுவது 1,200 மீட்டர்தான். டெல்லியிலிருந்து லே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் உடம்பு 3,000 மீட்டர் ஏறுகிறது. இரண்டரை ஏற்காட்டை அடுக்கி வைத்து ஒரே தாவில் ஏறின மாதிரி.

அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரு சிப்ஸ் பாக்கெட் காட்டிவிடும். அடிவாரத்தில் வாங்கிய பாக்கெட் ஏற்காடு ஒண்டிக்கடை வரும்போது லேசாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளேயிருக்கும் காற்று விரிகிறது. அதே பாக்கெட்டை 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாய்க்குக் கொண்டுபோனால் பலூன் மாதிரி விறைத்து நிற்கும், சில பாக்கெட் படாரென்று வெடிக்கும். ஷாம்பு பாட்டிலும் முகப் பூச்சும் மூடியைத் திறந்ததும் பீய்ச்சி அடிக்கும். அந்தக் கணவாயில் நம் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி. லேயிலேயே மூன்றில் இரண்டு பங்குதான்.

அதனால்தான் முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஓய்வு என்றால் மார்க்கெட் சுற்றுவதோ, அரண்மனைப் படி ஏறுவதோ சேராது. சாப்பாடு, தண்ணீர், தூக்கம், ஹோட்டல் வாசலில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். முதல் நாள் ஒன்றும் தெரியாது. "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தைரியமாக ஊர் சுற்றப் போகிறவருக்குத்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலை இடிக்கத் தொடங்கும். உடம்பு சரியாக இருக்கிற இளைஞர்களே அதிகம் மாட்டுவார்கள், ஏனென்றால் அவர்கள்தான் சும்மா இருக்க மாட்டார்கள்.

தலைவலியும் கூடவே குமட்டலும் அசதியும் வந்தால் அது உயரநோயின் முதல் மணி. அதோடு மேலே ஏறக் கூடாது, அதே உயரத்தில் தங்கிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். ஆக்ஸிஜன் சிலிண்டர் இறங்கும் வரை தாங்கிப் பிடிக்கும் கைத்தடி.

டயமாக்ஸ் என்று கடையில் கேட்கும் மாத்திரையின் மருந்துப் பெயர் அசெட்டசோலமைடு. மருத்துவர்கள் வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து தருவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம், மருந்தின் குணம் அது. முதல் ராத்திரிகளில் சாராயமும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கிப் பழகிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரயோஜனமில்லை. உயரநோய் சுமார் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும், 1,500 மீட்டர் உடம்புக்கு எதையும் கற்றுத்தராது. ஆனால் ஏற்காடு வேறொரு பரீட்சைக்கு உதவும். இருபது வளைவு ஏறும்போது வீட்டில் யார் வாந்தி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கர்துங் லாவிலும் காஷ்மீர் பக்கத்து சோஜி லாவிலும் அதே ஆள்தான் எடுப்பார். அவருக்கு முன் சீட், வயிற்றில் பாதிச் சாப்பாடு, ஒரு மணி நேரம் முன்னாலேயே மாத்திரை.

போகிற வரிசையிலும் விஷயம் இருக்கிறது. லேயிலிருந்து முதலில் நுப்ரா பள்ளத்தாக்கு, பிறகு பாங்காங் ஏரி. நுப்ராவில் தங்கும் ஹுண்டர் 3,100 மீட்டர் அளவில் லேயைவிடத் தாழ்வு, கணவாயைத் தாண்டினாலும் தூங்குவது கீழேதான். பாங்காங் 4,200 மீட்டருக்கு மேலே. 3,000 மீட்டர் தாண்டிய பிறகு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. லேயில் இறங்கிய மூன்றாம் நாளே பாங்காங்கில் ராத்திரித் தங்கல் போட்டிருக்கும் பேக்கேஜைக் கண்டால் ஒதுக்கிவிடலாம். அங்கே உடம்பு சரியில்லாமல் போனால் ஒரு சிக்கலும் உண்டு. லேவுக்குத் திரும்பும் ரோடு முதலில் சாங் லா கணவாய்க்கு, அதாவது 5,300 மீட்டருக்கு மேலே ஏறித்தான் இறங்கும். இறங்க வேண்டிய ஆளை ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ஷயோக் ஆற்றோரமாக நுப்ரா பக்கம் இறங்கும் ரோடு அதைத் தவிர்க்கும், ஆனால் கோடையில் மதியத்துக்கு மேல் பனி உருகிய தண்ணீர் அந்த ரோட்டில் குறுக்கே பாயும். இதயநோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் குடும்பத்தில் இருந்தால் பாங்காங்கைப் பகலில் பார்த்துத் திரும்புங்கள், அல்லது லடாக்கையே தள்ளிவையுங்கள். கைக்குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது என்பதால் அவர்களோடும் வேண்டாம்.

சோறு பற்றி ஒரு வார்த்தை. சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் 95, லேயில் 88, பாங்காங்கில் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது தெரியும், சூடு போதாது. குக்கர் இல்லாத இடத்தில் அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும், பருப்பு வேகவே வேகாது. ஏரிக்கரைக் கூடாரங்களில் மேகியும் துக்பா எனும் நூடுல்ஸ் சூப்பும் அதிகம் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகிறவர்கள் சோற்றை லேயிலோ நுப்ராவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீர்: உயரம் ஒரு பொருட்டில்லை, டாக்ஸி யூனியன்தான்

ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து 1,585 மீட்டர். ஆமாம், ஏற்காட்டின் உயரம்தான், நம் சேர்வராயன் கோவில் உச்சி அதைவிடக் கொஞ்சம் மேலேகூட. அங்கே பனி பெய்வதற்குக் காரணம் உயரத்தைவிட அட்சரேகை: நாம் 12 டிகிரிக்குப் பக்கத்தில், ஸ்ரீநகர் 34-இல். மூச்சுத் தொந்தரவு என்ற பேச்சே கிடையாது. பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளை எல்லாரும் சேர்ந்து போக மூன்றில் இதுதான் நிம்மதியான ஊர். குல்மார்க் 2,650 மீட்டர், அதுவும் பெரும்பாலோருக்குப் பரவாயில்லை. அங்கிருக்கும் கொண்டோலா எனும் கம்பிவடக் கார் மட்டும் இரண்டாம் கட்டத்தில் 3,900 மீட்டரைத் தாண்டும். மூத்தவர்கள் முதல் கட்டத்தோடு, கொங்டோரியில் இறங்கிக்கொள்ளலாம்.

இங்கே தப்பாவது பர்ஸில். "எல்லா இடமும் காரில்" என்று பேக்கேஜில் எழுதியிருக்கும். ஸ்ரீநகர் டாக்ஸி பகல்காம் ஸ்டாண்டு வரைதான் வரும். அங்கிருந்து அரு, பேதாப் பள்ளத்தாக்கு, சந்தன்வாரிக்கு உள்ளூர் யூனியன் வண்டி தனியாக எடுக்க வேண்டும். சோன்மார்கில் மேலே போகவும் அப்படித்தான். குளிர்காலத்தில் டங்மார்கில் நிறுத்தி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற்றுவார்கள். பூட்ஸ், ஜாக்கெட் வாடகை அங்கேயே. இது ஏமாற்று வேலை கிடையாது, அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு அது. ஆனால் பேக்கேஜ் விலையில் சேராத செலவு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒதுக்கி வைக்க வேண்டும். குதிரைக்காரரிடம் ஏறுவதற்கு முன்னால் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், ஆளுக்கா குதிரைக்கா என்று மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள்.

படகு வீடு என்றதும் ஆலப்புழை மாதிரி ஊர்ந்து போகும் என்று நினைத்துவிடக் கூடாது. தால் ஏரியின் படகு வீடு கட்டிய இடத்திலேயே நிற்கும், தேவதாரு மரத்தில் இழைத்த ஹோட்டல் அறை அது. கரைக்கு வரப் போக ஷிகாரா படகு. ஒரு ராத்திரி போதும், அமைதி வேண்டுமென்றால் நிகீன் ஏரி. சைவக்காரர்களுக்கு ராஜ்மா, தாமரைத் தண்டில் செய்த நத்ரு, ஹாக் கீரை உண்டு. இளஞ்சிவப்பாக வரும் நூன் சாய் உப்பு டீ, சர்க்கரை கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் விட முடியாது. 2025 ஏப்ரல் 22-இல் பகல்காம் பைசரன் புல்வெளியில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் பல சுற்றுலா இடங்களை மூடி, பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். மறு மாதம் ஸ்ரீநகர், லே உட்பட வடக்கில் பல விமான நிலையங்கள் சில நாள் மூடிக் கிடந்தன. ஆகவே இந்த இரண்டு ஊருக்கும் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே எடுங்கள். எந்த இடம் திறந்திருக்கிறது என்று கிளம்பும் வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும் நாளில் ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். வெளிக் கேட்டிலேயே பெட்டிகளை இறக்கி ஒரு சோதனை, உள்ளே இன்னொன்று.

காஷ்மீர், லடாக் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பொறி: இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். பேங்க் ஓ.டி.பி. வராமல் ஹோட்டல் கவுன்ட்டரில் முழிப்பவர்கள் நிறைய. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் ஒரு நம்பரை, முக்கியமாக பேங்க் கணக்கோடு இணைந்த நம்பரை, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்தமானில் இந்தத் தொல்லை இல்லை.

அந்தமான்: ஐந்து மணிக்கே இருட்டிவிடும்

ஸ்ரீ விஜயபுரம் சேலத்துக்குக் கிழக்கே பதினாலரை டிகிரி தீர்க்கரேகை தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடிகாரம் மட்டும் நம்முடையதேதான். அதனால் டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இது தெரியாமல் காலை ஒன்பதுக்கு எழுந்து, பத்தரைக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்புகிற குடும்பத்துக்குப் பாதி நாள் போயிருக்கும். ஐந்தரைக்கு எழுந்து ஏழுக்கு வெளியே இருக்க வேண்டும். காஷ்மீரில் ஜூன் மாதம் ஏழரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அங்கே தூங்கலாம்.

ஹேவ்லாக் தீவுக்கு, இப்போது ஸ்வராஜ் தீவு, தனியார் வேகப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூடிய ஏசி கூடம், ஜன்னல் திறக்காது. அலை புரண்டால் பாதிப் பேர் பையைத் தேடுவார்கள், வாந்தி மாத்திரையைப் படகுத்துறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அரசுப் படகு மலிவு, டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. ராதாநகர் கடற்கரை சமதளம், முட்டிவலிக்காரர்களுக்கும் சரி. எலிபன்ட் பீச்சில் பவளப்பாறை பார்க்கலாம். நீல் தீவின் இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் கிட்டே போய்ப் பார்க்க முடியும், அன்றைய வற்று நேரத்தை ஹோட்டலில் கேளுங்கள். சிப்பி, பவளம் பொறுக்கிப் பையில் போட்டால் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில் இறங்கவே கூடாது.

நீச்சல் தெரியாதவரும் பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள ஸ்கூபா போகலாம். சளி பிடித்திருந்தால் வேண்டாம், காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் வலி உயிர் போகும். ஆழத்திலிருந்து வந்தபின் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். ஆகவே ஸ்கூபாவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள்.

செல்லுலார் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏழு சிறகில் மிஞ்சியவை மூன்று. பாரதாங் சுண்ணாம்புக் குகைக்கு ஜாரவா பழங்குடிக் காட்டின் வழியே குறிப்பிட்ட நேரத்தில் கிளம்பும் வண்டி வரிசையோடுதான் போக முடியும். வழியில் வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். அந்தக் குகைக்காக அவர்கள் வாழிடத்தைக் கிழித்துக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே இந்த அலசலின் பதில். தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர் இது. ஆட்டோவுக்குப் பேரம் பேசத் தமிழே போதும், வெற்றிமலை முருகன் கோவிலும் இருக்கிறது.

ஆளுக்கா, வண்டிக்கா

லடாக்கில் டாக்ஸி யூனியன் வைத்த விலை வண்டிக்கு. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே தொகை. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்தால் மூன்றில் லடாக் மலிவாகக்கூட முடியும், புது ஜோடி தனியாகப் போனால் கை கடிக்கும். டெல்லியிலோ மணாலியிலோ வாடகைக்கு எடுத்த காரையும் பைக்கையும் அங்கே ஊர் சுற்ற விடமாட்டார்கள். டி.என். 30 நம்பர் போட்ட சொந்த வண்டிக்குத் தடையில்லை. நுப்ரா, பாங்காங் போக இந்தியர்களுக்கு இருந்த அனுமதிச் சீட்டு 2021-இல் நீக்கப்பட்டது, சுற்றுச்சூழல் கட்டண ரசீதும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

அந்தமானில் விமானம், படகு, கடல் விளையாட்டு எல்லாமே தலைக்கு இவ்வளவு. ஆள் கூடக் கூடச் செலவும் அப்படியே பெருகும், அதனால் இரண்டு பேருக்கு ஏற்றது. காஷ்மீர் இரண்டுக்கும் நடுவே: வண்டி பங்கு பிரியும், குதிரையும் கொண்டோலாவும் பிரியாது.

முன்பதிவு வரிசையும் ஊருக்கு ஊர் மாறும். அந்தமானுக்கு விமானம் எடுத்தவுடன் படகு, படகு நேரம் தெரிந்த பிறகே ஹோட்டல். பண்டிகை வாரத்தில் அறை கிடைத்துப் படகு கிடைக்காமல் திண்டாடுவது வழக்கம். காஷ்மீருக்குத் தேதி முடிவானதும் கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் பாருங்கள், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். லடாக்குக்கு டெல்லி–லே காலை விமானம் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். திரும்பும் நாளில் காஷ்மீரிலும் லடாக்கிலும் மேகம் இறங்கினால் விமானம் ரத்தாகும், டெல்லியிலிருந்து பெங்களூருக்கு அன்று ராத்திரி விமானமாகப் போடுங்கள், மதியம் போடாதீர்கள். அந்தமானில் கடைசி ராத்திரியை ஹேவ்லாக்கில் கழிக்காமல் ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்துவிடுங்கள், கடல் மோசமானால் காலைப் படகை முதலில் நிறுத்துவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது.